இத்தா நாட்களில் விற்ற பதினேழு பெல்ட்

பேகம்பூரில் தோல் தைக்கத் தெரிந்தவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஃபர்ஹீன் அளவுக்கு நேராகத் தைப்பவர் ஒருவரும் இல்லை. வீட்டு ஆட்கள் பெருமைக்குச் சொல்வதென்று யாராவது நினைத்தால், அவள் தைத்த பெல்ட் ஒன்றைக் கையில் வாங்கி எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அங்குலத்துக்கு ஏழு தையல். கொக்கிப் பக்கம் ஆரம்பிக்கும்போதும் ஏழு, நுனியில் முடிக்கும்போதும் ஏழு. ஐந்து துளைகளுக்கும் நடுவே ஒரே இடைவெளி. பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லாமல் போயிற்று. அந்தத் தொண்ணூற்றாறு முழுவதும் தோலில் இறங்கியிருந்தது.

அவள் கணவன் அப்பாஸ் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், இருபது வருடம் வேலை பார்த்தவன். கொரோனா வந்த வருடம் ஷாப்பில் ஆள் குறைத்தார்கள். மீந்த தோலை எடைக்கு வாங்கி வந்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பெல்ட் வெட்டினான். அவள் தைத்தாள். கடைவீதியில் கொண்டுபோய்க் கொடுத்தால், விற்ற பிறகு பார்க்கலாம் என்று ஆணியில் மாட்டிவைத்தார்கள். ஆறு மாதம் மாட்டியே கிடந்த பெல்ட்டுகளைத் திரும்ப எடுத்து வந்த அன்றுதான், ஆன்லைனில் விற்றுப் பார்க்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

ஆன்லைன் கம்பெனியில் கடை திறக்கப் போனால் முதல் கேள்வியே ஜிஎஸ்டி எண் உண்டா என்பதுதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வரித் தாக்கல் செய்துகொடுக்கும் அன்புக்கரசி என்ற பெண்ணிடம் போய் நின்றார்கள். அன்புக்கரசிக்கு வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம்.

"தெருவுல கடை போட்டு வித்தா, லட்சக்கணக்குல வித்தாலும் ஒரு அளவு வரைக்கும் நம்பர் வேணாம். ஆன்லைன்ல வெளி மாநிலத்துக்கு ஒரே ஒரு பெல்ட் வித்தாலும் வேணும். நீங்க விக்கிறது ஒவ்வொண்ணையும் அந்தக் கம்பெனிக்காரனே வரி ஆபீசுக்குச் சொல்லிருவான். மறைக்கவும் முடியாது, மறக்கவும் கூடாது. மாசா மாசம் என்கிட்ட வந்துரணும். யாரு பேருல போடட்டும்?"

"தைக்கிறவ அவ. அவ பேருலயே போடுங்க" என்றான் அப்பாஸ்.

அப்படித்தான் "ஃபர்ஹீன் லெதர்ஸ்" உண்டானது. எண்ணை எழுதிய தகரப் பலகை ஒன்றை வாசல் நிலையில் மாட்டினார்கள். பதிவில் கொடுத்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அப்பாஸுடையவை. விற்கும் செயலியும் அவன் போனில்தான் இருந்தது. நல்ல கேமரா அதில்தான். நாலு வருடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பார்சலுக்கு மேல் போயிருந்தது. திரும்பி வந்தது முப்பத்தொன்று. அதிலும் பெரும்பாலானவை வாங்கியவர் இடுப்பு அளவைத் தப்பாகச் சொன்னதால் வந்தவை. வாங்கியவர்கள் போட்ட மதிப்பெண் ஐந்துக்கு நாலு புள்ளி ஆறு. எங்கேயோ அசாமில் இருக்கும் ஒருவர், தன் மகன் கல்யாணத்துக்கு எட்டு பெல்ட் வாங்கி, எட்டையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அந்தப் படத்தை ஃபர்ஹீன் தன் மகள் ஷாஹினாவிடம் எத்தனை தடவை காட்டினாள் என்பதற்குக் கணக்கில்லை.

2025 ஜனவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை, வெட்டுப் பலகையின் மேல் கவிழ்ந்தபடியே அப்பாஸ் இறந்துபோனான். நாற்பத்தாறு வயது. சந்து குறுகல், வாசல் அதைவிடக் குறுகல். மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி உள்ளே திரும்பவில்லை என்று செருப்பு வைக்கும் ஸ்டாண்டை எடுத்தார்கள், நிலையில் நீட்டிக்கொண்டிருந்த தகரப் பலகையையும் கழற்றினார்கள். இரண்டும் உள் கட்டிலுக்கு அடியில் போயின. ஃபர்ஹீன் இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது.

வெளி வேலை எல்லாவற்றையும் அவள் அண்ணன் இஷாக் பார்த்துக்கொண்டார். அவளுக்கு ஒன்பது வயது மூத்தவர். எட்டாவது வரை படித்தவர், ஒரு தோல் ஷாப்பில் கிடங்குப் பொறுப்பு. கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். பள்ளிவாசல் ஜமாஅத்தில் எந்த அறிவிப்பு ஒட்டினாலும் அது இஷாக் எழுதியதுதான். அதில் ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இருக்காது. இருந்தால் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதுவார். அத்தா, அவர்கள் தகப்பனார், இறந்த பிறகு தங்கையை வளர்த்தது தான்தான் என்ற நினைப்பு அவரை விட்டுப் போனதே இல்லை. அது உண்மையும்கூட.

ஐந்தாம் நாள் ஃபர்ஹீன் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, கடைக்கு லீவு போட்டுருங்க. அவக போன்லதான் இருக்கு."

"நான் பாத்துக்கறேன். நீ ஓதிக்கிட்டு இரு, போதும்."

இஷாக் போனை எடுத்துப் பார்த்தார். துக்கம் விசாரிப்பவர்கள், தோல் கொடுத்தவர்கள் என்று அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. லீவு போடுவது எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை. போனை அணைத்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். போன் அணைந்தால் அதற்குள் இருக்கும் கடையும் அடைந்துவிடும் என்று மனமார நம்பினார்.

கடை அடையவில்லை. டிசம்பரில் அப்பாஸ் நாற்பத்திரண்டு பெல்ட்டுகளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் கம்பெனியின் கிடங்குக்கு அனுப்பி வைத்திருந்தான். ஆர்டர் வந்தால் அவர்களே எடுத்து அனுப்பிவிடும் ஏற்பாடு அது. வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஃபர்ஹீன் உள்ளறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த நாட்களில், அவளுக்கே தெரியாமல் அவள் பேரில் பதினேழு பெல்ட் விற்றது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா பிப்ரவரி பதினேழு, திங்கட்கிழமை நடந்தது. மறுநாள் வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக இஷாக் வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். பதினொரு மணி வாக்கில் சந்தில் ஒரு பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஃபர்ஹீன் உள்ளறையில் இருந்தாள். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"ஃபர்ஹீன் லெதர்ஸ் இதுதான சார்?"

"இது வீடு."

"ஃபர்ஹீன்ங்கறது?"

"என் தங்கச்சி. இப்ப யாரையும் பாக்க மாட்டா. மாப்பிள்ளை மவுத்தாயி நாப்பத்தோரு நாளுதான் ஆகுது."

"அடடா. அவங்களப் பாக்க வேணாம் சார். இங்க பெல்ட் யாவாரம் நடக்குதான்னு மட்டும் சொல்லுங்க. ஒரு மெஷினு, ஒரு ரேக்கு எதாச்சும் இருந்தாப் போதும். போட்டோ எடுத்துட்டு செத்த நேரத்துல கெளம்பிருவேன்."

"அப்படி ஒண்ணும் இங்க நடக்கல."

"நடக்கலயா, இல்ல இப்ப நிறுத்தியிருக்கீங்களா?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க யாவாரம் பண்ற ஆளுங்க இல்ல சார். போயிட்டு வாங்க."

"உங்க பேரு?"

"இஷாக். அண்ணன்."

பைக் கிளம்பிப் போனது. தையல் மெஷின், திரைச்சீலைக்கு வெளியே முன்னறையில், வந்தவர் நின்ற இடத்திலிருந்து மூன்று முழ தூரத்தில் வெள்ளைத் துணி மூடிக் கிடந்தது.

"யாருண்ணே?"

"பேங்க் ஆளு மாதிரி இருந்தான். நீ ஏன் எந்திரிச்சு வார, உக்காரு."

அண்ணன் சொன்ன கடைசி வார்த்தைகள் அவள் காதில் விழத்தான் செய்தன. எங்க வீட்டுப் பொம்பளைங்க யாவாரம் பண்ற ஆளுங்க இல்ல. அது எங்கேயோ சுருக்கென்று குத்தியது. ஆனாலும் அந்த நேரத்தில் வாசலில் நின்று பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்தது. அதனால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்தது வரி அலுவலக ஊழியர் என்றும், பதிவில் இருக்கும் முகவரிகளில் உண்மையாகவே வியாபாரம் நடக்கிறதா என்று பார்க்க வந்தார் என்றும் அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எதற்கு வந்தார் என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதைப் பற்றி அவள் பிறகு பலமுறை பேசியிருக்கிறாள்.

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை இத்தா முடிந்தது. திங்கட்கிழமை காலை பீரோவைத் திறந்து அப்பாஸின் போனை எடுத்து சார்ஜில் போட்டாள். ரீசார்ஜ் செய்யாததால் சிம் செத்துப்போயிருந்தது. தன் போனிலிருந்து நெட் கொடுத்ததும் நாலு மாதத்து மின்னஞ்சல்கள் வரிசையாக வந்து விழுந்தன. முதலில் ஜவுளிக்கடை விளம்பரங்கள். நடுவில் கம்பெனியின் கடிதம்: உங்கள் ஜிஎஸ்டி எண் செயலில் இல்லாததால் கடை முடக்கப்பட்டது, ஜூன் 30க்குள் எண்ணைச் சரிசெய்யாவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். அதற்குக் கீழே வரித் துறையின் கடிதங்கள் இரண்டு. பிப்ரவரி 24 தேதியிட்ட விளக்கம் கேட்கும் நோட்டீஸ். மார்ச் 14 தேதியிட்ட ரத்து உத்தரவு. காரணம் என்ற இடத்தில், பதிவு செய்த முகவரியில் வியாபாரம் எதுவும் நடைபெறவில்லை என்று இருந்தது.

அன்றே புர்காவைப் போட்டுக்கொண்டு அன்புக்கரசி அலுவலகத்துக்குப் போனாள். அன்புக்கரசி அவளைப் பார்த்ததும் திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, ஜனவரியில இருந்து எத்தன போனு போடுறேன் உங்க வீட்டுக்காரருக்கு! என் ஃபீஸுக்குப் பயந்து போன ஆஃப் பண்ணி வச்சுட்டாருன்னு நான்..."

ஃபர்ஹீன் சொன்னாள். அன்புக்கரசி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிரும்மா. என் நாக்குல தீய வைக்க" என்றாள். பிறகு உட்கார்ந்து கடிதங்களைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் பேச்சு குறைந்தது.

"ரத்து ஆன நாள்ல இருந்து தொண்ணூறு நாள் இருக்கு. ஜூன் பன்னெண்டோட முடியுது. அதுக்குள்ள பாக்கி மாசக் கணக்கு ரிட்டர்ன் எல்லாம் போட்டு, ரத்தை ரத்து பண்ணுங்கன்னு கேக்கணும். எல்லாத்துக்கும் ஓடிபி செத்துப்போன சிம்முக்குத்தான் வரும். மொத வேலை, ஆபீசுல போயி போன் நம்பர மாத்துறது. அதெல்லாம் ஓடியாடிச் செஞ்சிரலாம்மா. இந்த ஒரு வரிதான் இடிக்குது." திரையைத் திருப்பிக் காட்டினாள். பூட்டிய கதவு மாதிரி தெரிந்த வாசலின் படம். பலகை இல்லாத நிலை. கீழே: பதிவுதாரரின் அண்ணன் இஷாக் என்பவரை விசாரித்ததில், இங்கு வியாபாரம் எதுவும் நடப்பதில்லை எனத் தெரிவித்தார்.

அந்த வரியை ஃபர்ஹீன் இரண்டு தடவை படித்தாள். அன்று கேட்ட பைக் சத்தம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அவள் கோபப்படவில்லை. கோபப்படவும் நேரமில்லை. சிம் மாற்றுவதற்கு இறப்புச் சான்றிதழ், அலுவலகத்தில் போன் எண் மாற்றுவதற்கு விண்ணப்பம், பாக்கி ரிட்டர்ன்கள் நாலு. ரிட்டர்ன் போடும்போதுதான் பதினேழு பெல்ட் விஷயம் வெளியே வந்தது. கம்பெனி ஏற்கெனவே அந்த விற்பனையை வரித் துறைக்குச் சொல்லியிருந்தது. அதை அப்படியே காட்டி, தாமதக் கட்டணமும் கட்டினாள். அதற்காகக் காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தாள். பக்ரீத்துக்கு மூன்று நாள் முன்னால், ஜூன் நாலாம் தேதி, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எட்டு நாள் மிச்சம். அன்புக்கரசி டீ வாங்கிக் கொடுத்தாள்.

பக்ரீத் அன்று இஷாக் கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா இந்த அலைச்சல்? மாடி ரூமு சும்மாத்தான் கெடக்கு. நீயும் புள்ளையும் வந்துருங்க. நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீகண்ணே. எனக்குக் கடையும் இருக்கணும்."

"ஊர்ல நாலு பேரு கேக்குறான். இஷாக்கு தங்கச்சி வரி ஆபீசு வாசல்ல நிக்கிதாமேன்னு."

"நிக்கிறது உண்மைதான. நின்னாத்தான நம்பர் வரும்."

ஜூன் பதினெட்டு, புதன்கிழமை நேரில் வரச்சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அண்ணனும் வரவேண்டும், தான் சொன்னதைப் பற்றி எழுத்தில் கொடுக்க வேண்டும். அன்புக்கரசி ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருந்தாள்: அன்று நான் சொன்னது தவறு, என் தங்கை அந்த முகவரியில் நாலு வருடமாக வியாபாரம் செய்து வருகிறார். "அப்படியே ஒங்க கையெழுத்துல எழுதிக் கொண்டாங்க பாய். மூணு வரிதான்" என்று சொல்லி அனுப்பினாள். இஷாக் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் அதிகாரி ராயப்பராஜ் ஐம்பது வயதைத் தாண்டியவர். முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. ஃபர்ஹீன் கொண்டுபோன பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "நீங்க தச்சதாம்மா?" என்று கேட்டார். பார்சல் ரசீதுகள், மெஷினின் படங்கள், திரும்ப மாட்டிய பலகையின் படம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு இஷாக் பக்கம் கையை நீட்டினார். இஷாக் உறையைக் கொடுத்தார். உள்ளே முத்திரைத்தாள், அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

ராயப்பராஜ் சத்தமாகவே படித்தார். "பிப்ரவரி பதினெட்டாம் தேதி என் தங்கை இத்தாவில் இருந்தார். இத்தாவில் இருக்கும் பெண் வியாபாரம் செய்வதில்லை. ஆகவே அன்று நான் சொன்னது உண்மையே. இப்போது அவர் வியாபாரம் செய்ய விரும்புகிறார்."

அன்புக்கரசி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "பாய், நான் எழுதிக் குடுத்தது என்ன, நீங்க எழுதியிருக்கறது என்ன?"

"நான் பொய் சொல்லலையே. சொல்லாத பொய்ய எப்படிச் சொன்னேன்னு எழுதறது?"

ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இந்தம்மா இப்ப போட்ட ரிட்டர்ன்ல ஜனவரி, பிப்ரவரியில பதினேழு பெல்ட் வித்ததாக் காட்டியிருக்காங்க. கம்பெனியும் அதத்தான் சொல்லுது. நீங்க யாவாரமே நடக்கலங்கறீங்க. ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். நடக்கலன்னா ரத்து சரி. நடந்துச்சுன்னா, எங்க ஆளு கேட்டப்ப நீங்க சொன்னது தப்பு. தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரே வரி எழுதுங்க, எனக்குப் போதும். உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"அப்படி எழுதினா, என் தங்கச்சி இத்தாவுல உக்காந்துக்கிட்டு யாவாரம் பண்ணான்னு ஆயிரும்ல சார்? நான் ஜமாஅத்துல இருக்கறவன்."

"ஆயிரட்டும்ண்ணே" என்றாள் ஃபர்ஹீன்.

அவள் அண்ணனைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்தே சொன்னாள். "சார், கடை என்னுது. அந்தப் பதினேழும் நான் தச்சது. அது வித்தது எனக்குத் தெரியாது. ஆனா வித்துச்சு. எங்க அண்ணன் சொன்னது தப்பு. நான் எழுதித் தாரேன்."

"நீங்க எழுதினா ஆகாதும்மா. அறிக்கையில இருக்கறது அவரு பேரு. அவருதான் எழுதணும்."

ராயப்பராஜ் ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் இஷாக் முன்னால் தள்ளி வைத்தார். இஷாக் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைக் கழற்றினார். நல்ல கையெழுத்து உள்ளவர்கள் எழுதுவதற்கு முன்பு தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்வார்களே, அதுபோல் தாளைச் சாய்த்தார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு, பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

திரும்பி வருவார் என்று பெண்கள் இருவரும் அலுவலகம் மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பராஜ் போகும்போது நின்று, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்மா. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

வியாழக்கிழமை ஃபர்ஹீன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைப் பாதி திறந்து, "ஆத்தூருக்கு ஏதோ வேலையாப் போனாக" என்றாள். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. ஃபர்ஹீன் செருப்பையும் பார்த்தாள், அண்ணியையும் பார்த்தாள். "வந்தாச் சொல்லுங்கண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை போகவில்லை. அன்று ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் இஷாக் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

ஜூன் இருபத்தேழாம் தேதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முப்பதாம் தேதி கம்பெனி கணக்கை மூடியது. அன்று மத்தியானம் அவள் போனைத் திறந்து கடைப் பக்கத்தைத் தேடினாள். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பார்சலும், நாலு புள்ளி ஆறும், அசாம்காரர் போட்ட படமும் எங்கே போயினவென்று கேட்க அதில் ஓர் ஆள்கூட இல்லை. கிடங்கில் மிச்சமிருந்த இருபத்தைந்து பெல்ட்டைத் திருப்பி அனுப்பினார்கள். புது எண் வாங்கலாமா என்று அன்புக்கரசியிடம் கேட்டாள்.

"வாங்கலாம். ஆனா அதே வீடு, அதே பேரு, அதே அறிக்கை. திரும்ப அதே எடத்துலதான் வந்து நிக்கும். மேல் முறையீடு போவோம். மூணு மாசம் டயம் இருக்கு. ஒங்க அண்ணன் எழுத்து இல்லாம அதுவும் ஒப்பேறாது."

நாகல் நகரில் ஜெரோம் என்று ஒருவர் ஆன்லைனில் தோல் சாமான் விற்கிறார். அவரிடம் எண் இருக்கிறது. ஃபர்ஹீன் அவருக்குப் பெல்ட் தைக்க ஆரம்பித்தாள். தோல் அவருடையது, முத்திரை அவருடையது, ஒரு பெல்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஜெரோம் நல்ல மனிதர். சனிக்கிழமை தவறாமல் கொடுத்துவிடுகிறார். ஒரு நாள் ஷாஹினா போனை நீட்டி, "அம்மா, இது நீங்க தச்சதும்மா" என்றாள். ஃபர்ஹீன் படத்தைப் பெரிதாக்கி அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணினாள். ஏழு. கடைப் பேர் வேறு. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி இஷாக் வந்தார். அலுவலகத்தில் எழுந்து போனதற்குப் பிறகு அவர் அந்தச் சந்துக்குள் வந்தது அன்றுதான். முன்னறையில் ஃபர்ஹீன் துளை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. ஓர் உறையை வெட்டுப் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

"அந்த அம்மாட்ட குடுத்துரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். அதே அச்சு எழுத்து, ஒரு பக்கம் முழுக்க. பிப்ரவரி பதினெட்டாம் தேதி அரசு ஊழியர் கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்று தொடங்கியிருந்தது. தையல் மெஷின் எங்கே இருந்தது, பலகை எதற்காகக் கழற்றப்பட்டது, போனை யார் அணைத்தது, பதினேழு பெல்ட் எப்படி விற்றது, எல்லாம் தேதி வாரியாக இருந்தது.

"பொய்னு எழுதச் சொல்லலையேண்ணே. தப்புன்னு போட்டாப் போதும்னாரே அவரு."

"மெஷினு பக்கத்துலதான் இருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். நீ யாவாரம் பண்ணித்தான் கஞ்சி குடிக்கிறன்னு அந்த ஆளு முன்னாடி சொல்ல எனக்கு வாய் வரல. அப்ப அது பொய்தான?"

அவள் தாளை மறுபடி ஒரு தடவை படித்தாள்.

"இத வச்சா கடை திரும்ப வந்துருமா?" என்று கேட்டார் இஷாக்.

"நம்பர் வரலாம். கடை வராதுண்ணே. அது மூடுனது மூடுனதுதான். நம்பர் வந்தா முதல் பெல்ட்டுல இருந்து ஆரம்பிக்கணும்."

"நாலு வருசமும் போச்சா?"

"போச்சு."

இஷாக் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னாலேயே ஃபர்ஹீன் தாளை மடித்து உறையில் போட்டு, அன்புக்கரசி கொடுத்த ஃபைலுக்குள் வைத்தாள்.

"உக்காருங்கண்ணே. டீ போடுறேன். நாலு மணிக்கு ஜெரோம் ஆளு வந்துருவாரு, இன்னும் பதினோரு பெல்ட்டுக்குத் துளை போடணும்."

இஷாக் உட்கார்ந்தார். அவள் அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.